144 நிமிடங்களை யாருக்குக் கொடுப்பது?

இணையத்தில் ஆடப்படும் கூடைப்பந்தாட்ட முகாமைத்துவ விளையாட்டுகளுள் நான் விடாமல் ஆடிவருவது பஸ்ஸர்பீட்டர் ஒன்றைத்தான். 2007 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட இந்த விளையாட்டில் பந்தை எறிவதற்கோ ஓடுவதற்கோ எந்தப் பொத்தானும் இல்லை. ஓர் அணியின் உரிமையாளராகவும் முகாமையாளராகவும் நாம் இருப்போம். யாரை வாங்குவது, யாரை விற்பது, யாரை எந்த இடத்தில் ஆடவிடுவது, இந்த வாரம் எந்தத் திறனைப் பயிற்றுவது என்பவற்றைத் தீர்மானித்துவிட்டால், ஆட்டத்தை நடத்துவது கணினியின் வேலை. எழுத்தும் எண்ணும்தான் பெரும்பகுதி என்பதால் டேட்டா அதிகம் செலவாகாது. மின்சாரம் நின்றுபோன இரவிலும் கைப்பேசியில் அணியை அமைத்து அனுப்பிவிடலாம். கிளிநொச்சியில் இருந்துகொண்டு உலகின் எங்கோ ஒரு மூலையில் இருப்பவருடைய அணியோடு மோதுவதற்கு இதைவிடச் சிக்கனமான வழி எனக்குத் தெரியவில்லை.

வன்னியில் கூடைப்பந்தாட்டத்தைப் பற்றி எழுதுவது சிலருக்கு விநோதமாகப் படலாம். இங்கே பாடசாலை மைதானம் என்றால் உதைபந்தாட்டம், கரப்பந்தாட்டம், எல்லே, பெண்பிள்ளைகளுக்கு வலைப்பந்தாட்டம். வளையம் பூட்டிய பலகையும் சீமெந்துத் தரையும் உள்ள பாடசாலைகள் அரிது. ஆயினும், உறவினரில் ஒருவரேனும் ரொறன்ரோவில் இல்லாத வீடு எங்கள் பக்கம் குறைவு. 2019 இல் ரொறன்ரோ ராப்டர்ஸ் அணி வட அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்தாட்ட லீக்கான என்பிஏயின் கிண்ணத்தை வென்றபோது ஸ்காபரோவிலிருந்து வந்த தொலைபேசி அழைப்புகளால்தான் இந்த ஆட்டத்தின் விதிகளைப் பலரும் இங்கே கேட்டறிந்தார்கள். என் தமக்கையின் மகனும் அப்படி வந்து சேர்ந்தவன்தான். இப்போது அவனுக்கும் பஸ்ஸர்பீட்டரில் ஓர் அணி இருக்கிறது. நாங்கள் இருவரும் சந்திக்கும்போது பேசும் விடயங்களில் பாதி, இளம் வீரர்களை எப்படிப் பயிற்றுவது என்பதாகவே இருக்கும். அந்தப் பேச்சைத்தான் இங்கே ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் கணக்கைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் மற்ற எல்லாமே அதிலிருந்துதான் பிறக்கின்றன. ஓர் அணிக்கு வாரத்தில் பொதுவாக மூன்று ஆட்டங்கள் உண்டு: இரண்டு லீக் ஆட்டங்கள், அவற்றோடு கிண்ணப் போட்டியிலோ நட்புறவாகவோ ஓர் ஆட்டம். ஒவ்வோர் ஆட்டமும் என்பிஏயைப் போல 48 நிமிடங்கள். வெள்ளிக்கிழமை தோறும் பயிற்சியின் பலன் கணிக்கப்படும். ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு பயிற்சியைத்தான் தெரிவு செய்யலாம். அந்தப் பயிற்சி எந்த இடத்துக்கு உரியதோ அந்த இடத்தில் அந்த வாரம் 48 நிமிடங்கள் ஆடியவனுக்கே முழுப் பலன் கிடைக்கும். குறைவாக ஆடியவனுக்குக் குறைவான பலன். அந்த இடத்தில் ஆடாதவனுக்கு, எவ்வளவு திறமை உடையவனாக இருந்தாலும், அந்த வாரம் வீண்.

மூன்று ஆட்டங்கள், ஆட்டத்துக்கு 48 நிமிடங்கள்: ஓர் இடத்துக்கு வாரத்தில் கிடைப்பது 144 நிமிடங்கள். அதை 48 ஆல் வகுத்தால் மூன்று பேர். ஓர் இடத்துக்கு மட்டுமான பயிற்சியைத் தெரிவு செய்தால் மூன்று இளைஞர்களைத்தான் முழுமையாகப் பயிற்றலாம் என்பது இந்த விளையாட்டின் அடிப்படை வரம்பு. பணம் எவ்வளவு இருந்தாலும், பயிற்றுநர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், இந்த 144 ஐ 145 ஆக்க முடியாது. மேலதிக நேரத்துக்குப் போகும் ஆட்டங்களில் சில நிமிடங்கள் கூடக் கிடைக்கும். அதை நம்பி யாரும் திட்டமிடுவதில்லை.

இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. காலபோகத்தில் மழை பார்த்துக்கொள்ளும். சிறுபோகம் வந்தால் குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று பார்த்து, பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் இந்தமுறை எத்தனை ஏக்கர் என்று முடிவெடுப்பார்கள். அந்த ஏக்கருக்கு மேல் விதைத்தவனுடைய பயிர் மட்டுமா வாடும், வாய்க்கால் கடைசியில் இருப்பவனுடைய பயிரும் சேர்ந்துதான் வாடும்.

மருமகன் இந்த வரம்பைச் சுற்றிப் போக ஒரு வழியைக் கண்டுபிடித்திருந்தான். விளையாட்டு அதற்கு இடமும் கொடுக்கிறது. பல பயிற்சிகளை ஓர் இடத்துக்கு மட்டும் கொடுக்காமல், இரண்டு இடங்களுக்குச் சேர்த்தும் கொடுக்கலாம். வெளித்தடுப்புப் பயிற்சியை, பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்தும் பொயின்ட் கார்ட், வெளியே நின்று எறியும் ஷூட்டிங் கார்ட் ஆகிய இரண்டு இடங்களுக்கும் சேர்த்துக் கொடுப்பது ஓர் உதாரணம். அப்போது 144 இரட்டித்து 288 ஆகும், மூன்று பேர் ஆறு பேர் ஆவார்கள். முழு அணிக்கும் பொதுவாகக் கொடுக்கும் தெரிவுகூடச் சில பயிற்சிகளுக்கு உண்டு. ஆனால் இடம் கூடக்கூட ஒவ்வொருவனுக்கும் கிடைக்கும் வளர்ச்சியின் வேகம் குறையும். ஆறு பேரின் வளர்ச்சியையும் ஒன்றாகக் கூட்டிப் பார்த்தால் அந்தத் தொகை கவர்ச்சியாகத்தான் தெரியும். மருமகன் அந்தக் கூட்டுத்தொகையில் மயங்கியவன். அவனுடைய அணியில் நல்ல பையன்கள் ஆறு பேர் இருக்கிறார்கள், எவனும் சந்தையில் விலைபோகிறவனாகவும் இல்லை, லீக் ஆட்டத்தை வென்று கொடுக்கிறவனாகவும் இல்லை.

இங்கே காலம்தான் உண்மையான பொருள். ஒரு பருவம் 14 வாரங்கள்; பருவத்துக்கு ஒரு வயது. பதினெட்டு வயதில் ஒருவன் நம் கைக்கு வந்தால், அவனுக்கு இருபத்திரண்டு வயது ஆகும்வரை நான்கு பருவங்கள், அதாவது 56 வெள்ளிக்கிழமைகள். வயது கூடக்கூடப் பயிற்சியின் வேகம் குறைந்துகொண்டே போகும் என்பதால் இந்த 56 உம் ஒரே பெறுமதி உடையவை அல்ல. பதினெட்டு வயதில் கிடைக்கும் வெள்ளிக்கிழமைக்கு இருபத்தொரு வயதில் கிடைக்கும் வெள்ளிக்கிழமை ஈடாகாது. ஆறு பேருக்கு மெதுவாகக் கொடுப்பவர், அந்த ஆறு பேருடைய மிகச் சிறந்த ஆண்டுகளையும் பாதி வேலையோடு கடத்திவிடுகிறார். மூன்று பேரைத் தெரிந்து, ஏனைய மூவரை அவர்களை முழுமையாகப் பயிற்றக்கூடிய ஒருவருக்கு விற்றுவிடுவதே, அந்த மூவருக்கும் செய்யும் நன்மை என்று நான் நினைக்கிறேன். எண்களால் ஆன பையன்களுக்கு நன்மை என்ன தீமை என்ன என்று கேட்பவர்கள் இந்த விளையாட்டை ஆடிப் பார்க்காதவர்கள்.

ஆகவே எந்த மூவர் என்பதே கேள்வி. பருவத்தின் முடிவில் புதுமுகத் தெரிவு நடக்கும்; லீக்கில் உள்ள 16 அணிகளும் முறைவைத்து, பதினெட்டு பத்தொன்பது வயதுப் பையன்களைத் தெரிந்தெடுக்கும். அல்லது ஏலச் சந்தையில் வாங்கலாம். எப்படி வாங்கினாலும் பலரும் முதலில் பார்ப்பது உள்ளாற்றல் என்ற ஒன்றையே. ஒரு வீரன் எவ்வளவு தூரம் வளர முடியும் என்பதைக் காட்டும் அளவுகோல் அது. அதன் உச்சியில் எக்காலத்துக்கும் உரிய மேதைகளும் அடியில் 'அறிவிப்பாளர்' என்ற வகையினரும் இருப்பார்கள். ஆடுவதற்கு லாயக்கில்லை, ஒலிவாங்கியைக் கொடுத்துவிடலாம் என்பது விளையாட்டை உருவாக்கியவர்களின் நகைச்சுவை. எங்கள் ஊர்க் கரப்பந்தாட்டச் சுற்றுப்போட்டிகளில் ஒலிவாங்கியைப் பிடித்திருப்பவர்களைப் பார்த்தால், அந்த நகைச்சுவையில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது.

உள்ளாற்றல் என்பது கூரையின் உயரம் மட்டுமே. வீரன் அந்தக் கூரையை எட்டியதும் பயிற்சியின் வேகம் சட்டென்று தேய்ந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் பெரும்பாலான அணிகளில் பெரும்பாலான பையன்கள் தங்கள் கூரையைக் கண்ணால்கூடக் காண்பதில்லை. மிகப் பெரிய உள்ளாற்றல் உடைய ஒருவனைக் கொள்ளை விலை கொடுத்து வாங்கி, அவனுக்கு ஏனோதானோவென்று நிமிடங்கள் கொடுப்பவரைவிட, நடுத்தர உள்ளாற்றல் உடையவனை வாங்கி ஒரு வெள்ளிக்கிழமையையும் வீணாக்காமல் பயிற்றுபவர் நல்ல வீரனைப் பெறுவார். நான் முதலில் பார்ப்பது வயதை, அடுத்தது உயரம், அதற்கு அடுத்ததாகத் தொடக்கத் திறன்கள், உள்ளாற்றல் அதற்குப் பிறகுதான்.

உயரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். வலைப்பந்தாட்டத்தில் தர்ஜினி சிவலிங்கத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு, வளையத்தின் கீழே உயரம் என்ன செய்யும் என்பது தெரியும். 2018 இல் இலங்கை ஆசியக் கிண்ணத்தை வென்றபோது எதிரணிப் பெண்கள் அவருடைய கைக்குப் போகும் பந்தைத் தடுக்கத் தாவித் தாவிக் களைத்துப்போனார்கள். பஸ்ஸர்பீட்டரில் உயரம் அப்படி வேலை செய்வதில்லை. ஆட்டத்தில் கணக்கெடுக்கப்படுவது திறனின் எண்ணே. உயரம் தீர்மானிப்பது, எந்தத் திறன் எவ்வளவு வேகமாக வளரும் என்பதை. உயர்ந்தவர்களுக்கு உட்தாக்குதல், உள்தடுப்பு, வளையத்தில் பட்டு மீளும் பந்தைப் பிடிக்கும் ரீபவுண்ட், எறிதலை மறித்தல் ஆகியவை விரைவாக ஏறும். குட்டையானவர்களுக்குப் பந்தைக் கையாளுதல், பரிமாற்றம், ஊடுருவல், வெளித்தடுப்பு ஆகியவை விரைவாக ஏறும். இடைப்பட்ட உயரக்காரர்களுக்கு எதுவும் வேகமில்லை, எதுவும் முடக்கமும் இல்லை. ஏழடிப் பையனுக்குப் பந்துப் பரிமாற்றத்தைக் கற்பிப்பது என்பது மெதுவான வேலை; அதைச் செய்வதா இல்லையா என்பதில்தான் முகாமையாளர்கள் பிரிகிறார்கள்.

செய்ய வேண்டும் என்பது என் கட்சி, அதுவும் முதலிலேயே. ஏழடிப் பையன் வந்தவுடன் அவனை வளையத்தின் கீழே நிறுத்தி உட்தாக்குதலையும் ரீபவுண்டையும் ஏற்றிக்கொண்டே போவதுதான் இயல்பாகத் தோன்றும். இரண்டு பருவங்களில் அவன் பயங்கரமான சென்டர் ஆகிவிடுவான். அவனுடைய சம்பளமும் அதேபோலப் பயங்கரமாகிவிடும். வீரர்களின் சம்பளம் ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும் அவர்களுடைய திறன்களின் அடிப்படையில் புதிதாகக் கணிக்கப்படுகிறது. சென்டருக்கு உரிய திறன்கள் மாத்திரம் மலைபோல் ஏறியவனுக்குச் சம்பளமும் மலைபோலவே ஏறும். ஆனால் அதே சென்டரிடம் ஓரளவு பரிமாற்றமும் பந்தைக் கையாளும் திறனும் ஊடுருவலும் இருந்தால், அவை அவனுடைய சம்பளத்தை அவ்வளவாக உயர்த்தாமல் அவனுடைய ஆட்டத்தைப் பெரிதும் உயர்த்தும். பந்து அவன் கையில் இருந்து பறிபோவது குறையும். அடைபட்டு நிற்கும்போது வெளியே நிற்பவனுக்குக் கொடுக்கத் தெரியும்.

மெதுவாக ஏறும் திறன்களை வேகம் மிகுந்த வயதில் ஏற்றிவிட வேண்டும், தானாகவே விரைவாக ஏறும் திறன்களைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்பதே இதன் பின்னால் உள்ள கணக்கு. ஏழடியானுக்கு உள்தடுப்பு இருபத்தொரு வயதிலும் ஏறும். பரிமாற்றம் அந்த வயதில் அநேகமாக அசையாது. இன்னொன்றும் உண்டு: தொடர்புடைய திறன்கள் ஒன்றையொன்று இழுக்கும், ஒன்று மேலேயும் மற்றது கீழேயும் இருந்தால் கீழே இருப்பது கொஞ்சம் வேகமாக ஏறும், மேலே இருப்பதை மேலும் ஏற்றுவது கடினமாகும். ஒரே திறனை வானம்வரை ஏற்ற முயல்பவருக்கு விளையாட்டே கடிவாளம் போடுகிறது.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. பரிமாற்றத்தை ஓர் இடத்துப் பயிற்சியாகக் கொடுக்க வேண்டுமானால், அந்தப் பையன் பொயின்ட் கார்டாக 48 நிமிடங்கள் ஆட வேண்டும். பந்தைக் கொண்டுவரத் தெரியாத ஏழடியான் பந்தைக் கொண்டுவர வேண்டும். எதிரணியின் வேகமான சிறுவனை அவனே தடுக்கவும் வேண்டும். பந்து பறிபோகும், எதிரணியின் கார்ட் அன்றைக்கு விரும்பியபடி எறிந்து தள்ளுவான், ஆட்டம் தோற்கும். ஒருநாள் அப்படியோர் ஆட்டத்தின் நேரடி வர்ணனையை இருவரும் வாசித்துக்கொண்டிருந்தபோது மருமகன் பொறுக்க முடியாமல் கேட்டான்: "மாமா, ஏழடிக்காரனைக் கொண்டுபோய்ப் பொயின்ட் கார்டில விட்டிருக்கிறியள். தோக்கிறதுக்கெண்டே ஆடுறியளோ?"

"தோல்வியைப் பாக்காதை தம்பி. வெள்ளிக்கிழமை வரட்டும்" என்றேன்.

வெள்ளிக்கிழமை பரிமாற்றம் ஒரு படி ஏறியிருந்தது. அவன் அதை ஒரு வெற்றியாக ஏற்றுக்கொள்ளவில்லை.

நிஜ உலகிலும் இது நடக்காத காரியமல்ல. யானிஸ் அன்டெடோகவும்போவை மில்வாக்கி பக்ஸ் அணி 2013 ஆம் ஆண்டில் 15 ஆவது தெரிவாக எடுத்தபோது அவர் பதினெட்டு வயது ஒல்லிப் பையன். 2015-16 பருவத்தில் பயிற்றுநர் ஜேசன் கிட், ஏழடிக்குச் சற்றே குறைந்த அந்த இளைஞரிடம் பந்தைக் கொடுத்துப் பொயின்ட் கார்டின் வேலையைச் செய்யவைத்தார். அந்தப் பருவத்தில் அணி வெற்றிகளைவிடத் தோல்விகளையே அதிகம் கண்டது. கிண்ணத்துக்கான பிளேஓஃப் சுற்றுக்கும் போகவில்லை. 2019, 2020 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் யானிஸ் மிகப் பெறுமதியான வீரராகத் தெரிவானார். 2021 இல் அணி கிண்ணத்தை வென்றது. அந்த ஒரு பருவம்தான் அவரை உருவாக்கியது என்று சொல்ல நான் துணியமாட்டேன். ஆனால் உயரமானவன் பந்தைக் கையாளக் கற்பதற்குத் தோல்விகளைச் செலவழித்த ஓர் அணியை அங்கே காணலாம். நிகோலா யோகிச்சைப் பற்றிச் சொன்னால் மருமகன் இன்னும் விரைவாக இணங்குகிறான்: 2014 இல் 41 ஆவது தெரிவாக எடுக்கப்பட்ட சென்டர் அவர், பந்துப் பரிமாற்றத்தினாலேயே டென்வர் அணியின் முழுத் தாக்குதலும் அவரைச் சுற்றி இயங்கும் நிலை வந்து, 2023 இல் கிண்ணமும் வந்தது.

தோல்வியைச் செலவழிப்பதற்கும் ஓர் அளவு இருக்கிறது. லீக்கின் 16 அணிகள் எட்டு எட்டாக இரண்டு பிரிவுகளில் ஆடும். பிரிவின் அடியில் முடிப்பவர் கீழ்மட்ட லீக்குக்குத் தள்ளப்படுவார். தள்ளப்பட்டால் வருமானம் குறையும், வருமானம் குறைந்தால் நல்ல பயிற்றுநரை வைத்திருக்க முடியாது. பயிற்றுநர்களுக்கும் தரம் உண்டு, தரத்துக்கு ஏற்ற சம்பளமும் உண்டு. அந்தச் சம்பளம் காலப்போக்கில் ஏறிக்கொண்டும் போகும். ஆகவே மூன்று ஆட்டங்களில் எதில் யாரை ஆடவிடுவது என்பதை வாரத் தொடக்கத்திலேயே தீர்மானித்துவிட வேண்டும். நட்புறவு ஆட்டத்தின் முடிவு எந்தப் பட்டியலிலும் ஏறாது, நிமிடங்கள் மட்டும் முழுமையாகக் கணக்கில் சேரும் என்பதால், இருப்பவர்களில் மிகவும் தடுமாறுபவனை அந்த ஆட்டத்துக்கு ஒதுக்குவேன். பலவீனமான எதிரணியோடு வரும் லீக் ஆட்டம் இரண்டாமவனுக்கு. மூன்றாவது ஆட்டத்துக்கு, மூவரில் அந்த இடத்துக்கு ஓரளவேனும் பழகியவன். கிண்ணப் போட்டியில் முன்னேறிக்கொண்டிருந்தால் நட்புறவு ஆட்டம் இராது. வெற்றி வரும்போது பயிற்சிக்கு நெருக்கடி வரும். கிண்ணத்தில் விரைவாகத் தோற்றுவிட்டால் மனத்துக்குள் ஒரு நிம்மதி பிறப்பதை இளம் வீரர்களைப் பயிற்றுபவர்கள் வெளியே சொல்வதில்லை.

நிமிடங்களை உறுதிப்படுத்துவதில் சின்னச் சின்ன வேலைகள் பல உண்டு. அணி அமைக்கும் பக்கத்தில் ஒவ்வோர் இடத்துக்கும் தொடக்க வீரன், மாற்று வீரன், இருப்பு வீரன் என்று மூன்று கட்டங்கள் இருக்கும். பயிலும் பையனை அந்த இடத்தின் தொடக்க வீரனாக மட்டும் போட்டுவிட்டு மற்றக் கட்டங்களில் வேறு ஆட்களைப் போட்டால், அவன் களைத்ததும் பயிற்றுநர் அவனை வெளியே எடுத்துவிடுவார். 48 க்குப் பதிலாக முப்பதுகளில் நின்றுவிடும். மூன்று கட்டங்களிலும் அவன் ஒருவனையே போட்டால் அவனே கடைசிவரை நிற்பான், களைப்பினால் ஆட்டம் தொய்ந்தாலும் நிற்பான். ஆறு தவறுகள் செய்து வெளியேறினாலோ காயப்பட்டாலோ மட்டுமே நிமிடங்கள் போகும். இதற்கு விதியைத் தவிர வேறு பரிகாரம் இல்லை. அந்த வாரத்தின் பிந்திய ஆட்டம் ஒன்றில் மிச்ச நிமிடங்களை ஒட்டுப்போட்டு நிரப்பலாம், இடம் இருந்தால்.

உடல்நிலையையும் பார்க்க வேண்டும். ஒருவன் வாரத்தில் மிகக் குறைவாக ஆடினாலும் அவனுடைய ஆட்டநிலை இறங்கும், மிக அதிகமாக ஆடினாலும் இறங்கும். ஒரே பையனை மூன்று ஆட்டங்களிலும் முழுமையாக ஆடவிடுவது அவனுக்குப் பயிற்சியிலும் எதையும் கூட்டித் தராது, 48 க்கு மேலே ஆடிய நிமிடங்கள் பயிற்சிக் கணக்கில் பயனற்றவை. ஒருவனுக்கு ஓர் ஆட்டம் முழுமையாக, அதற்கு மேல் வேறோர் இடத்தில் சிறிது நேரம் என்று வைத்துக்கொண்டால் எல்லாம் சமநிலையில் இருக்கும்.

களைப்புத் தாங்குதல், தனி எறிதல் ஆகிய இரண்டையும் முழு அணிக்கும் சேர்த்தே பயிற்றலாம். அவற்றுக்காகப் பதினெட்டு வயதுப் பையனுடைய வெள்ளிக்கிழமையைச் செலவழிப்பதை நான் விரும்புவதில்லை. யாரேனும் காயப்பட்டு நிமிடங்கள் குழம்பிப்போன வாரத்திலோ, பருவ இடைவேளையில் ஆட்டங்கள் குறையும் வாரத்திலோ அவற்றைச் செய்துகொள்ளலாம்.

எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும், தெரிந்தெடுத்த மூவரில் ஒருவன் நாம் நினைத்தபடி வரமாட்டான். உள்ளாற்றல் நாம் எண்ணியதைவிட விரைவாக முட்டிவிடும், அல்லது சந்தையில் அவனைப் போன்றவர்கள் மலிந்துபோவார்கள். அப்போது அவனைப் பிடித்துவைத்திருக்கக் கூடாது. மருமகனுக்கு இதுதான் கடினம். அணியின் முதல் புதுமுகம் என்பதற்காகவே ஒருவனை வைத்துப் பராமரிக்கிறான். அவனிடம் நான் சொல்வது ராப்டர்ஸின் கதையைத்தான், ஏனென்றால் அது அவனுக்கு மனப்பாடம். 2016 இல் அந்த அணி பாஸ்கல் சியாகமை 27 ஆவது தெரிவாக எடுத்தது. அதே ஆண்டில் ஃபிரெட் வன்வ்லீட்டை எந்த அணியும் தெரிவு செய்யாதபோது அவரையும் சேர்த்துக்கொண்டது. இருவரும் கீழ்மட்ட அணியான ராப்டர்ஸ் 905 க்கு அனுப்பப்பட்டு, அங்கே நிறைய நிமிடங்கள் ஆடி, 2017 இல் அந்த மட்டத்தின் கிண்ணத்தை வென்றார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து என்பிஏ கிண்ணத்தை வென்ற அணியிலும் இருவரும் இருந்தார்கள். சியாகம் அந்தப் பருவத்தில் மிகவும் முன்னேறிய வீரருக்கான விருதையும் பெற்றார். தெரிவு எண்ணைப் பார்த்திருந்தால் இந்த இருவரையும் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள் என்று மருமகன் சொல்வான். கதையின் மற்றப் பாதியை அவன் பார்ப்பதில்லை: அந்த இருவருக்கும் நிமிடங்கள் கிடைத்த அதே அணியில் நிமிடங்கள் கிடைக்காமல் போனவர்கள் இருந்தார்கள், அவர்களைப் பற்றி யாரும் கதை சொல்வதில்லை.

விற்பதற்கு உகந்த காலத்தைப் பற்றி எங்களுக்குள் இன்னும் இணக்கம் வரவில்லை. இருபத்தொரு வயதுவரை ஒருவனை அவனுடைய நாட்டின் இளையோர் தேசிய அணி கவனிக்கலாம். அந்த வாய்ப்பு உள்ளவனுக்குச் சந்தையில் தனி விலை உண்டு. அந்த வயதைத் தாண்டியதும் வாங்குபவர்கள் அவனை இன்றைய திறனுக்காகவும் சம்பளத்துக்காகவும் மட்டுமே பார்ப்பார்கள். பருவத் தொடக்கத்தில் சம்பளம் புதுப்பிக்கப்படும்போது, வளர்ந்த மூவரையும் வைத்திருக்கும் சிறிய அணிக்கு நுழைவுச்சீட்டு வருமானம் போதாமல் போகும். வாங்கியவுடன் விற்பவருக்கு விற்பனைப் பணத்தில் குறைவான பங்கே கிடைக்கும் என்பதால், சந்தையில் வாங்கிய பையன்களைப் பயிற்றிச் சட்டென்று கைமாற்றுவதிலும் இலாபம் இல்லை.

இப்போது என்னிடம் இருக்கும் மூவரில் அந்த ஏழடியானுக்கு இருபத்தொரு வயது நடக்கிறது. பரிமாற்றமும் பந்தைக் கையாளுதலும் ஒரு சென்டருக்குத் தேவைக்கு மேலாகவே இருக்கின்றன. உள்தடுப்பும் ரீபவுண்டும் இந்தப் பருவத்தில்தான் தொடங்கின, எதிர்பார்த்தபடி விரைவாக ஏறுகின்றன. சம்பளம் ஏறுமுன் இந்தப் பருவ முடிவிலேயே விற்றுவிட்டு, கிடைக்கும் பணத்துக்குப் பதினெட்டு வயதுக்காரர் இருவரை வாங்கும்படி மருமகன் சொல்கிறான். நான் இன்னும் ஒரு பருவம் வைத்திருக்கப் போகிறேன். மெதுவான வேலை முடிந்துவிட்டது, விரைவான வேலைதான் மிச்சம். அதை விலைகொடுத்து வாங்கும் இன்னொருவருக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. மற்ற இரண்டு இடங்களையும் அடுத்த புதுமுகத் தெரிவுக்குக் காலியாக்கி, இருவரையும் அடுத்த வாரம் ஏலத்தில் போடுகிறேன்.